நாலாவது கம்பளித் துண்டு

தம்பி: இந்த மூடியை யார் மாட்டினது?

அண்ணி: எந்த மூடி?

தம்பி: கம்பிக்கு மேல பளபளன்னு உக்காந்திருக்கே, இந்த இரும்பு மூடி. இது எப்படி இங்க வந்துச்சு?

அண்ணி: அது... பாஸ் கிட்டாரோட வந்ததுதானே தம்பி. கடையில வாங்கும்போதே இருந்துச்சு.

தம்பி: கடையில இருந்துச்சு. வீட்டுக்கு வந்த அன்னிக்கே அண்ணன் கழட்டிட்டாரு. அதுக்கப்புறம் இதுல சிகரெட் சாம்பலைத்தான் தட்டிக்கிட்டிருந்தாரு. இங்க பாருங்க, உள்பக்கம் இன்னும் கருப்பா கிடக்கு.

அண்ணி: நல்லா தேய்ச்சுக் கழுவித்தானே மாட்டினேன்...

தம்பி: ஆங்! அப்ப நீங்கதான் மாட்டினது.

அண்ணி: ஐயோ! வாயைப் பிடுங்குறதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆமா, நான்தான். மியூசியத்துக்குப் போற சாமான், லட்சணமா போகட்டுமேன்னு மாட்டினேன். தப்பா?

தம்பி: மாட்டினது தப்பில்ல. கதவுக் கீல் ஸ்க்ரூவை வச்சு மாட்டினதுதான் தப்பு.

அண்ணி: கீல் ஸ்க்ரூன்னு எப்படி...

தம்பி: பச்சைப் பெயின்ட் ஒட்டியிருக்கு. உங்க சமையலறைக் கதவு பச்சை. இப்ப அந்தக் கதவு எப்படி நிக்குது?

அண்ணி: கொஞ்சம் சாஞ்சுதான் நிக்குது. அதை விடுங்க. டீ ஆறுது. இந்தாங்க, முதல் டம்ளர் உங்களுக்கு.

தம்பி: எப்பவும் முதல் டம்ளர் எனக்குத்தான். அண்ணன் இருந்தப்பவும் எனக்கு ஊத்திட்டுத்தான் அவருக்கு ஊத்துவீங்க. அவருக்கு அதுல ஒரு புகைச்சல்.

அண்ணி: அவருக்கு எதுலதான் புகைச்சல் இல்ல? குடிங்க.

தம்பி: அப்படி ஓரமா வைங்க. ஒயரைப் பத்த வைக்கிற ஈயக்கோல் சூடா இருக்கு, கை பட்டுடப் போகுது.

அண்ணி: இந்த மேஜையில ஒரு டம்ளர் வைக்க இடம் இருக்கா? ஆணி, ஒயர், கழுத்து உடைஞ்ச கிட்டாரு... தலைக்கு மேல வேற கொக்கியில வரிசையா தொங்குது. உக்காரவே பயமா இருக்கு.

தம்பி: அது எல்லாம் கெட்டியா மாட்டினது. கீல் ஸ்க்ரூ இல்ல.

அண்ணி: குத்திக் காட்டியாச்சா? சரி. இப்ப நான் வந்த காரியத்தைக் கேளுங்க. மியூசியத்துல இருந்து அந்த மனுஷன் இங்கயே வர்றாராம். நம்ம வீட்டுக்கு வரச் சொன்னேன், இல்லம்மா, உங்க கொழுந்தனார் பட்டறைக்கே வந்துடறேன், அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா திருப்தின்னுட்டாரு.

தம்பி: என்ன வார்த்தை?

அண்ணி: ஊஞ்சல் பாட்டுல வாசிச்சது இந்த பாஸ்தானான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லுங்க. அவ்வளவுதான். வேலை முடிஞ்சுது.

தம்பி: பார்த்துட்டுச் சொல்றேன்.

அண்ணி: இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? இது உங்க அண்ணன் பாஸ் இல்லையா?

தம்பி: அண்ணன் பாஸ்தான்.

அண்ணி: அவர் ஊஞ்சல் பாட்டுக்கு வாசிக்கலையா? ஊரே சொல்லுது.

தம்பி: ஊர் ஆயிரம் சொல்லும். அண்ணி, இந்த வாயால நான் இதுவரைக்கும் ஒரு மாடலையும் மாத்திச் சொன்னது கிடையாது. சொந்தத் தங்கச்சி புருஷன் ஒரு கிட்டாரை ஆசையா வாங்கிட்டு வந்து காட்டினப்ப, பூப்பூவா கோலம் போட்ட போலின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவன். இன்னிக்கும் அவன் எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறான்.

அண்ணி: பெருமை வேற அதுல.

தம்பி: பெருமை இல்ல. இந்த ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதையும் மாத்திப் பேசினா அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?

அண்ணி: நீங்க நல்லவர்தான், யார் இல்லன்னா? ஒரே ஒரு வார்த்தைக்கு இவ்வளவு...

தம்பி: முதல்ல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இந்தக் குமிழைப் பாருங்க. மூணு இருக்கு. வரிசையா.

அண்ணி: இருக்கு.

தம்பி: இந்த பாஸைச் செஞ்ச கம்பெனிக்காரன் இதே உடம்பை வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி விட்டான். முதல்ல வந்தது அடுக்குக் குமிழ். ஒரு குமிழ் தலையில இன்னொரு குமிழ் உக்காந்திருக்கும். அப்படி ரெண்டு ஜோடி. மேல இருக்கிறதைத் திருப்பினா கீழ இருக்கிறதும் கூடவே சுத்தும்.

அண்ணி: உங்க அண்ணனையும் உங்களையும் மாதிரி.

தம்பி: ...அப்புறம் வந்தது மூணு குமிழ். அதுக்கப்புறம் கழுத்தோரத்துல வெள்ளைக் கரை கட்டினான். அதுக்கும் அப்புறம் கழுத்துல இருந்த வட்டப் பொட்டை எடுத்துட்டு சதுரப் பொட்டு வச்சான். இது மூணு குமிழ், வட்டப் பொட்டு, கரை இல்ல. அப்ப எது?

அண்ணி: ரெண்டாவது.

தம்பி: ரெண்டாவது. சட்டுன்னு பிடிச்சுக்கிட்டீங்களே!

அண்ணி: நீங்க சொன்னதைத்தானே சொன்னேன். இதுல என்ன தப்பு? ஊஞ்சல் பாட்டு வந்தப்ப இது வீட்டுக்கு வந்தாச்சு. இசைத்தட்டு அட்டையைப் பாருங்க, பையிலேயே எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தாங்க. உங்க அண்ணன், தலை நிறைய முடி, கையில மூணு குமிழ்.

தம்பி: படம் வேற, பாட்டு வேற. பாட்டு பதிவாகி எத்தனையோ நாள் கழிச்சு தோட்டத்துல நிக்க வச்சு எடுத்த படம் இது. புதுசு அழகா இருக்குன்னு இதைத் தூக்கிட்டுப் போனாரு. பின்னாடி நிக்கிறது யாரு தெரியுதா?

அண்ணி: பாதி காது மட்டும் தெரியுது.

தம்பி: அந்தக் காது நான்.

அண்ணி: காது மட்டும்னாலும் நல்லாதான் விழுந்திருக்கு.

தம்பி: சரி, அந்த மூடியைக் கழட்டணும்.

அண்ணி: வேணாம் தம்பி! கஷ்டப்பட்டு மாட்டியிருக்கேன்...

தம்பி: கதவுக்கு ஸ்க்ரூ திரும்பக் கிடைக்கும். கையை எடுங்க.

அண்ணி: கழட்டினா அசிங்கமா இருக்கும்...

தம்பி: மூணு குமிழ் மாடல்லயும் ஆரம்பத்துல வந்ததுல, கம்பிக்கு அடியில கம்பளித் துண்டு வச்சிருந்தான். அப்புறம் நிறுத்திட்டான். இது ஆரம்பமா, அப்புறமான்னு மூடியைக் கழட்டினாத்தான் தெரியும்... ம். இதோ. பாருங்க.

அண்ணி: என்னத்தைப் பாக்க?

தம்பி: ஒண்ணும் இல்ல பாருங்க. ஸ்க்ரூ ஓட்டையே இல்ல. ஓட்டையை அடைச்ச தழும்பும் இல்ல. இதுல கம்பளித் துண்டு எப்பவும் இருந்ததில்ல.

அண்ணி: இல்லன்னா போகட்டும். அதுக்கென்ன இப்ப?

தம்பி: அதுக்கென்னவா? ஊஞ்சல் பாட்டுல பாஸ் எப்படிக் கேக்கும்? டுப்... டுப்... டுப்னு, ஒவ்வொரு சுரமும் விழுந்த இடத்துலயே அடங்கிடும். சும்மா கம்பியை மீட்டினா இப்படி அடங்காது. கேளுங்க. டூஊஊம்... இன்னும் போகுது பாருங்க.

அண்ணி: ஏதாவது பஞ்சை வச்சு வாசிச்சிருப்பாரு.

தம்பி: பஞ்சு வச்சா வேற மாதிரி. அந்தப் பாட்டுல கேக்குறது கம்பளி. ஒவ்வொரு கம்பிக்கும் அடியில தனித்தனியா, ஸ்ப்ரிங் தகட்டு மேல ஒட்டின நாலு கம்பளித் துண்டு...

அண்ணி: மூணு.

தம்பி: என்ன?

அண்ணி: ஒண்ணுமில்ல.

தம்பி: மூணுன்னு சொன்னீங்க.

அண்ணி: குமிழைச் சொன்னேன்.

தம்பி: குமிழைப் பத்தி யாரு பேசினா?

அண்ணி: டீ ஆறிப் போச்சு. ஊத்திட்டு வேற தரவா?

தம்பி: இருக்கட்டும். நீங்க சொன்னது சரிதான். மூணுதான். நாலாவது, தடிக் கம்பிக்கு அடியில இருந்தது, ஸ்க்ரூ ஒடிஞ்சு கழண்டு போச்சு. மாத்தித் தரேன்னு சொன்னேன். சொன்னதோட சரி. அதனாலதான் அந்தப் பாட்டுல மூணு கம்பி அடங்கி அடங்கிக் கேக்கும், தடிக் கம்பி மட்டும் நீளமா முழங்கும். பஞ்சு வச்சிருந்தா நாலும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். எத்தனையோ பேர் அதே சத்தத்தைக் கொண்டு வரப் பாத்தாங்க. ஒருத்தருக்கும் வரல. காரணம் எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்னு நினைச்சிருந்தேன்.

அண்ணி: வீட்டுல கிடந்த சாமான். தூசி தட்டும்போது கண்ணுல பட்டிருக்கும்.

தம்பி: தூசி தட்டுறவங்க கண்ணுல மூணு துண்டு படும். நாலாவது ஒண்ணு இருக்கணும்னு எப்படித் தெரியும்?

அண்ணி: போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும் நீங்க.

தம்பி: அது எங்க இப்ப?

அண்ணி: எது?

தம்பி: அண்ணன் முதல்ல வச்சிருந்த பழசு. அடுக்குக் குமிழ்.

அண்ணி: அது போயிடுச்சு.

தம்பி: எங்க போச்சு?

அண்ணி: பழைய வீட்டுல சுவரெல்லாம் ஈரம். கழுத்து வளைஞ்சு போச்சு.

தம்பி: வளைஞ்சா நிமித்துறதுக்குத்தான் கழுத்துக்குள்ள கம்பி ஓடுது. அதுக்குத்தான் இங்க ஒரு கிழவன் உக்காந்திருக்கேன். என்கிட்ட ஏன் கொண்டு வரல?

அண்ணி: கொண்டு வர்றதுக்குள்ள பேரப் பசங்க ஏறி மிதிச்சு...

தம்பி: ஈரமா, பேரப் பசங்களா? ஒண்ணைச் சொல்லுங்க.

அண்ணி: ரெண்டும்தான். முதல்ல ஈரம், அப்புறம் பேரன்.

தம்பி: அண்ணி, பக்கத்துத் தெரு கடைக்காரன் போன மாசம் சொன்னான். யாரோ ஒரு அம்மா வந்து பாஸ் கம்பி ஒரு செட் வாங்கிட்டுப் போனாங்களாம். வழவழன்னு இருக்குற பழைய மாதிரிக் கம்பி. இப்ப அதை யாரும் சீண்டுறதே இல்ல, தூசி அடைஞ்சு கிடந்துச்சு, கரெக்டா அதையே கேட்டாங்கன்னு ஆச்சரியப்பட்டான்.

அண்ணி: ஊர்ல எத்தனையோ அம்மா இருக்காங்க.

தம்பி: ஊதாக் குடை.

அண்ணி: எத்தனையோ ஊதாக் குடை இருக்கு.

தம்பி: இருக்கு. ஒண்ணு இங்க என் கதவு மூலையில சொட்டிக்கிட்டிருக்கு. இந்த மூணு குமிழ்ல இருக்கிற கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு. தொட்டா விரல் சிவக்குது. அப்ப அந்தப் புதுக் கம்பி எதுல ஏறுச்சு? இடது கையை ஏன் மடியில மறைக்கிறீங்க? கம்பி அழுத்தின காய்ப்பு விரல் நுனியில தெரிஞ்சுடும்னா?

அண்ணி: குளிருது.

தம்பி: ஒரு கைக்கு மட்டுமா?

அண்ணி: தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்...

தம்பி: கும்பிடறதுன்னாலும் இடது கையை வெளிய எடுக்கணும்.

அண்ணி: சிரிப்பு காட்டாதீங்க. நான் அழுற நிலைமையில இருக்கேன். உங்க மகன், அதான் உங்க அண்ணன் மகன், அந்த மியூசியத்துக்காரர் போன் பண்ணினதும் வெளியூர்ல இருந்துக்கிட்டே, ஆகா, அப்பா ஊஞ்சல் பாட்டுக்கு வாசிச்ச பாஸ் வீட்டுலதான் இருக்கு, தாராளமா எடுத்துக்குங்கன்னு வாக்குக் கொடுத்துட்டான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு என்ன தெரியும்னு நினைச்சிருப்பான்.

தம்பி: வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?

அண்ணி: ஏன்னு கேப்பான். என்ன சொல்ல? நீங்க இது இல்லன்னு சொல்லிட்டா, அப்ப எது அதுன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வருவாங்க. கட்டிலுக்கு அடியில இருந்து அதை இழுத்துட்டுப் போயிடுவாங்க.

தம்பி: கட்டிலுக்கு அடியிலதான் இருக்கா?

அண்ணி: ...பெட்டியில போட்டு, போர்வை சுத்தி.

தம்பி: ஈரம் ஏறலையே?

அண்ணி: சொட்டு ஈரம் கிடையாது.

தம்பி: நல்லது. அதுல ஒருதடவை ஒயர் விட்டுப்போச்சுன்னு அண்ணன் கொண்டு வந்தாரு. திருப்பிப் போட்டேன், முதுகுல ஒரு கீறல் இல்ல. முகம் பாக்கலாம். இதைப் பாருங்க, இந்த மூணு குமிழு... முதுகு பூரா அண்ணனோட பெல்ட்டுக் கொக்கி உழுது வச்சிருக்கு. எதை மாட்டினாலும் அவர் இப்படித்தான் பண்ணுவாரு. பழசுல மட்டும் எப்படி இல்ல?

அண்ணி: அதை வீட்டுல வச்சுத்தான் வாசிப்பாரு. வீட்டுல எதுக்கு பெல்ட்டு?

தம்பி: ...நியாயம்தான்.

அண்ணி: அப்பாடா, ஒண்ணாவது.

தம்பி: ஆனா கீழ் விளிம்புல வார்னிஷ் மங்கியிருந்துச்சு. உக்காந்து தொடையில வச்சே வாசிச்சா மங்குமே, அந்த மாதிரி. அண்ணன் உக்காந்து வாசிச்சு நீங்க பாத்திருக்கீங்களா? சாப்பிடும்போதே உக்கார மாட்டாரு அந்த மனுஷன்.

அண்ணி: அது என்னோடது, தம்பி. போதுமா? அடுக்குக் குமிழ் ஒண்ணைத் திருப்பினா இன்னொண்ணும் சுத்துது, எழவுன்னு அவர் தூக்கி மூலையில போட்டாரு. மூணு குமிழ் வாங்கினாரு. மூலையில கிடந்தது எனக்குன்னு ஆச்சு. அவர் பாடம் பண்ணும்போது பக்கத்துல உக்காந்து ஆரம்பிச்சது. அடுப்புல பாலை வச்சுட்டு ஒரு வரி, துணி ஊறும்போது ஒரு வரி. அவர் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை அதுதான். அதையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கொடுத்துட்டு நான் என்ன பண்ண?

மியூசியத்துக்காரர்: சார்... உள்ள வரலாமா?

தம்பி: வாங்க. தலை, தலை! குனிஞ்சு வாங்க, மேல தொங்குது.

மியூசியத்துக்காரர்: வணக்கம் சார். வணக்கம் அம்மா. மியூசியத்துல இருந்து வர்றேன். அடடா, இதுதானா? கையால தொடலாமா?

தம்பி: தொடுங்க. கடிக்காது.

மியூசியத்துக்காரர்: சின்ன வயசுல ரேடியோவுல ஊஞ்சல் பாட்டு வந்தா எங்க வீட்டுல யாரும் மூச்சு விட மாட்டோம் சார். அந்த இடம்... பாஸ் மேல ஏறி ஏறிப் போய், சட்டுன்னு ஒரு நிறுத்தம். ஊஞ்சல் உச்சிக்குப் போனா ஒரு நொடி நிக்குமே, அதே மாதிரி. அப்புறம் இறங்கும். அந்த ஒரு நிறுத்தத்துக்காகவே உங்க அண்ணனுக்குச் சிலை வைக்கலாம்.

தம்பி: ம்.

மியூசியத்துக்காரர்: டிரம்ஸும் அங்க கூடவே நிக்கும். அது நீங்கதானே சார் வாசிச்சது?

தம்பி: நான்தான்.

மியூசியத்துக்காரர்: அண்ணனும் தம்பியும் எப்படிப் பேசி வச்சு அப்படி நின்னீங்க?

தம்பி: பேசி வைக்கல.

மியூசியத்துக்காரர்: பேசி வைக்காமலா! அம்மா, என்ன இருமுறீங்க? தண்ணி ஏதாவது...

அண்ணி: இல்லப்பா, டீ புரை ஏறிடுச்சு. நீங்க பேசுங்க.

மியூசியத்துக்காரர்: ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன் சார். மேடையில அவர் அந்தப் பாட்டை வாசிக்கும்போது அந்த நிறுத்தம் வராது. நானே ரெண்டு கச்சேரியில கேட்டேன். அப்படியே ஓடிடுவாரு. ஏன் சார்?

தம்பி: எங்க அண்ணனுக்கு நிக்கப் பிடிக்காது.

மியூசியத்துக்காரர்: ஓகோ... சரி சார், உங்க வாயால ஒரு வார்த்தை. இதுதானே அந்த பாஸ்?

தம்பி: இங்க வாங்க, வெளிச்சத்துக்கு. இந்த அட்டைப் படத்தைப் பாருங்க. அண்ணன் கையில இருக்கிறதுல, குமிழுக்குக் கீழ மரத்துல ஒரு சுழி தெரியுதா? கண்ணு மாதிரி.

மியூசியத்துக்காரர்: தெரியுது.

தம்பி: இப்ப இதைப் பாருங்க.

மியூசியத்துக்காரர்: அட! அதே கண்ணு!

தம்பி: படத்துல இருக்கிறது இதுதான். முதுகைத் திருப்புங்க. இது எங்க அண்ணனோட பெல்ட்டுக் கொக்கி. ஊர் ஊரா இதைத்தான் மாட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு நூல் சந்தேகம் வேணாம். இது எங்க அண்ணன் வாசிச்ச பாஸ்.

மியூசியத்துக்காரர்: இது போதும் சார். இன்னொரு சின்ன விஷயம்... பாட்டுல சத்தம் சட்டு சட்டுன்னு அடங்குதே. இதை மீட்டினா நீளமா போகுதே?

தம்பி: நல்ல காது உங்களுக்கு.

மியூசியத்துக்காரர்: சும்மா கேட்டேன் சார்.

தம்பி: கம்பிக்கு அடியில கம்பளி வச்சு அடக்கினது. அதுக்கு மேல கேக்காதீங்க. அது தொழில் ரகசியம்.

மியூசியத்துக்காரர்: அப்படிச் சொல்லுங்க! கீழ வைக்கிற பலகையில, 'ஊஞ்சல் பாடலை வாசித்த பாஸ் கிட்டார்'னு எழுதப் போறோம்.

தம்பி: கிட்டார் தானா வாசிக்குமா?

மியூசியத்துக்காரர்: இல்ல சார், அதாவது...

தம்பி: அவர் பேரைப் போட்டு, இவருடைய பாஸ் கிட்டார்னு எழுதுங்க. பக்கத்துல இந்த அட்டையை வைங்க. படத்துல உள்ளது இதுன்னு ஒரு வரி. பாக்குறவங்களுக்கு மீதி தானா புரியும்.

மியூசியத்துக்காரர்: அதுவும் நல்லாதான் இருக்கு. அம்மா, அட்டையைத் தருவீங்களா?

அண்ணி: எடுத்துக்கிட்டுப் போப்பா. காது உள்ள படம்.

மியூசியத்துக்காரர்: என்னம்மா?

அண்ணி: ஒண்ணுமில்ல. பத்திரமா கொண்டு போங்க. மழை விட்டுடுச்சு.

தம்பி: தலை, தலை!

மியூசியத்துக்காரர்: ஸ்ஸ்... பரவாயில்ல சார். வர்றேன். ரொம்ப சந்தோஷம் அம்மா.

தம்பி: ...போயிட்டாரு. பெட்டிக்குள்ள போட்டாச்சு, இனி அது வெளிக் காத்து பாக்காது. மியூசியமாம்.

அண்ணி: தம்பி.

தம்பி: ம்.

அண்ணி: ஒரு பொய்கூட சொல்லல நீங்க.

தம்பி: வராது எனக்கு.

அண்ணி: அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்.

தம்பி: என்ன தெரியும்?

அண்ணி: வாயைப் பிடுங்காதீங்க. ஊஞ்சல் பாட்டுல... அன்னிக்கு... வாசிச்சது அவர் இல்லன்னு.

தம்பி: தெரியும்.

அண்ணி: எப்ப இருந்து? முதுகுல கீறல் இல்லன்னு பாத்தீங்களே, அப்ப இருந்தா?

தம்பி: அதுக்கு முன்னாடியே.

அண்ணி: வாய்ப்பே இல்ல. பாட்டுப் பதிவு அன்னிக்குக் காலையில வேன் கதவுல அவர் விரல் நசுங்குச்சு. மியூசிக் மாஸ்டருக்குத் தெரிஞ்சா வேற ஆளைக் கூப்பிட்டுடுவாருன்னு கையைப் பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுக்குள்ள வந்தாரு. அடங்கின சத்தம் வேணும்னு மாஸ்டர் கேட்டதால பழசைத்தான் அன்னிக்கு எடுத்துட்டு வந்திருந்தாரு. நான் டீ பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தவ. அந்தப் பலகைத் தட்டிக்குப் பின்னாடி அவர் நின்னு தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்தாரு. நான் கீழ ஸ்டூல்ல உக்காந்து வாசிச்சேன். நீங்க தனியா கண்ணாடிக் கூண்டுக்குள்ள. தட்டிக்கு மேல உங்க அண்ணன் தலை மட்டும்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

தம்பி: அது மட்டும்தான் தெரிஞ்சுது. தலை தாளத்துக்கு ஆடல. அதுவும் பாத்தேன்.

அண்ணி: ஐயோ...

தம்பி: பேரு உங்களுதுன்னு அந்த ஆளைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவா? இன்னும் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டாரு.

அண்ணி: சும்மா இருங்க. கைதட்டு வாங்கினவர் வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் இப்ப போய் நான்தான்னு கையைத் தூக்கவா? எனக்கு என் பாஸ் போதும். அதை விடுங்க. எப்படித் தெரியும்னு சொல்லுங்க.

தம்பி: சொன்னா சிரிக்கக் கூடாது.

அண்ணி: சிரிக்கல.

தம்பி: நடுவுல எனக்குக் குச்சி நழுவிடுச்சு.

அண்ணி: என்னது?

தம்பி: வலது கைக் குச்சி. வேர்வை. கீழ விழுந்து உருண்டுபோய் ஸ்டாண்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. குனிஞ்சு எடுக்குற வரைக்கும் டிரம்ஸ் கிடையாது. அவ்வளவுதான், மாஸ்டர் கத்தப் போறாரு, மானம் போச்சுன்னு நினைச்சேன். காதுல கேட்டா... பாஸும் நின்னு போயிருக்கு. அண்ணனா இருந்தா நிப்பாரா? எந்தக் கச்சேரியிலயாவது எனக்காக நின்னிருக்காரா? அவர் பாட்டுக்கு ஓடுவாரு, நான் பின்னாலயே மூச்சு வாங்கத் துரத்துவேன். அன்னிக்கு பாஸ் நின்னுச்சு. நான் நிமிர்ந்து முதல் அடி போட்டதும் கூடவே இறங்குச்சு, பிசகாம. மாஸ்டர் அந்தப் பக்கம் ஆகான்னாரு. அப்பவே தெரிஞ்சு போச்சு, அண்ணி. அந்த வீட்டுல எனக்காக ஒரு நொடி நிக்கிற ஆளு யாருன்னு. உங்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கு வாயை மூடினவன்தான், இன்னிக்கு வரைக்கும்... என்ன அண்ணி? சிரிக்க மாட்டேன்னீங்க.

அண்ணி: நீங்க குச்சியைப் போட்டதே எனக்கு இப்பத்தான் தெரியும்.

தம்பி: அப்ப ஏன் நின்னீங்க?

அண்ணி: அடுத்தது என்னன்னு மறந்து போச்சு, தம்பி! சுத்தமா மறந்து போச்சு. கையை எடுத்துட்டு உக்காந்திருக்கேன், உங்க அண்ணன் மேல இருந்து காலால உதைக்கிறாரு. பாத்தா டிரம்ஸும் கேக்கல. அண்ணன் தடுமாறிட்டாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதை மூடி மறைக்கத்தான் நீங்களும் நிறுத்தினீங்கன்னு நினைச்சேன். என்ன மனசுடா இந்தப் பிள்ளைக்குன்னு... அந்த நன்றிக்குத்தானே இத்தனை வருஷமா முதல் டம்ளரை உங்களுக்கு ஊத்துறேன்! அந்த டீயைக் கீழ வைங்க!